நடுத்தெருவில் நிற்காத வாகனம்

வீட்டுக்கு ஒரு வாகனம் வாங்குவதென்று முடிவெடுத்த அன்று இரவு, மகளின் பழைய கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போய்வரும் தெருக்களை வரிசையாக எழுதினேன். புதுக்குடியிருப்பில் இருக்கும் வீட்டிலிருந்து நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு ஒன்பது கிலோமீற்றர். அதில் கடைசி நான்கும் தார் போடாத கிறவல். அம்மாவின் இருதயக் கிளினிக்குக்காக மாதத்தில் ஒரு தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, ஏ-35 வீதியால் பரந்தன் வரை போய், அங்கிருந்து ஏ-9 வழியாக ஆனையிறவைக் கடந்து, போகவர ஏறத்தாழ 180 கிலோமீற்றர். விசுவமடுவில் இருக்கும் எங்கள் வயலுக்கு, கடைசி ஒரு கிலோமீற்றர் வாய்க்கால் கட்டின் மேலால். வவுனியாவில் இருக்கும் மாமி வீட்டுக்கு ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு. இவ்வளவு தெருவிலும் போகிறவர்கள் ஐந்து பேர்: இவர், நான், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், முழங்கால் மடக்க முடியாத அம்மா.

அந்த ஒற்றைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் வாகனம் பார்த்தோம். எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் பெரும்பாலும் கொழும்பில் வாகனம் ஓடுகிறவர்கள். அங்கே ஒரு வாகனம் வழியில் நின்றால், அரை மணித்தியாலத்துக்குள் அதைத் தூக்கிச் செல்ல ஒரு லொறி வந்துவிடும். அந்த நிறுவனத்தின் சேவை நிலையம் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும். பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இருக்கிற 52 கிலோமீற்றரில் இரவு ஒன்பது மணிக்கு வாகனம் நின்றால், பக்கத்து வளவில் இருக்கிற யாராவது ஒருவர் ரோச் லைற்றோடு வந்து பார்ப்பதுதான் முதல் உதவி. ஆகவே அவர்கள் சொன்ன ‘நல்ல வாகனம்’ என்பதும் நான் தேடிய ‘நல்ல வாகனம்’ என்பதும் ஒன்றாக இருக்க முடியாது என்பது போகப் போகத்தான் விளங்கியது.

எங்கள் பக்கத்தில் சற்று உயரமாக நிற்கும் எந்த வாகனத்தையும் ஜீப் என்றுதான் சொல்வோம். உண்மையான ஜீப்புக்குக் கீழே ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டகம் இருக்கும். உடல் அதற்கு மேல் உட்காரும். இப்போது குடும்பங்கள் வாங்குகிற சிறிய ஜீப்புகளில் மிகப் பெரும்பாலானவை காரின் உடலைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியவை. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. காரின் உடல் என்பதால்தான் அவை தார் வீதியில் நிதானமாக ஓடுகின்றன, பெற்றோலும் குறைவாகக் குடிக்கின்றன. ஆனால் உயரத்தைப் பார்த்துவிட்டு, இது வயலுக்குள்ளும் இறங்கும் என்று நம்பி வாங்கினால் முதல் மாரியிலேயே மனம் நொந்துபோகும்.

நம்பகமான வாகனம் என்றால் என்ன என்பதை நான் அப்பாவிடமிருந்துதான் கற்றேன் என்று நினைக்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறிய போத்தலில் இருக்கும் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடாக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வாகனங்கள் பழுதே வராதவை அல்ல, நாளாந்தம் பழுது வந்தவை. ஆனால் பழுது எங்கே என்பது ஓடுகிறவருக்குத் தெரிந்தது, அதைத் திருத்தும் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2009 இல் எங்கள் ரக்ரரையும் பெட்டியையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு நடந்து வந்த பிறகும், அப்பா அந்த ரக்ரரின் ஒவ்வொரு ஆணியையும் நினைவில் வைத்திருந்தார். இன்றைய வாகனத்தை மண்ணெண்ணெயில் ஓட்ட முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. ஆயினும் கிளிநொச்சியில் இருக்கும் ஒரு கராஜில் திறந்து பார்க்கக்கூடியதாகவும், கொழும்பில் உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் கைக்கு வரக்கூடிய உதிரிப்பாகங்களைக் கொண்டதாகவும் ஒரு வாகனம் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை நான் கடைசிவரை விடவில்லை.

அந்த அளவுகோலை எனக்கு உறுதியாக்கியது ஓர் இரவு. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு சின்னக் கார். கிறவலில் ஐந்து பேரோடு போனால் அடி இடிக்கும். ஐப்பசி மாதத்தில் தம்பி கொழும்பிலிருந்து தன்னுடைய ஹைபிரிட் (பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடும்) ஜீப்பில் வந்திருந்தான். மாமி வீட்டுக்குப் போய்விட்டு மாங்குளத்தால் திரும்பிவந்தோம். ஒட்டுசுட்டானைத் தாண்டிச் சிறிது தூரத்தில், தெருவின் நடுவில் படுத்திருந்த மாடுகளுக்கு விலத்துவதற்காக அவன் வாகனத்தைக் கரைக்கு இறக்கினான். தார் முடிந்து கிறவல் தொடங்கும் விளிம்பு அங்கே ஒரு சாண் ஆழத்துக்கு அரித்துப்போய், கூரான கருங்கல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம்தான். இறங்கிப் பார்த்தபோது இடப்பக்க முன்சில்லின் ரயர், தரையில் படுகிற பகுதியில் அல்ல, பக்கவாட்டில், என் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே இருக்கும் நூல் நார்நாராக வெளியே தெரிந்தது.

தம்பி டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினான். மேலதிகச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய காற்றுப் பம்பும், ஒரு போத்தல் பசையும் இருந்தன. ஆணி குத்திய துளை என்றால் அந்தப் பசை அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்ததை அது அடைக்காது. ஊற்றிப் பார்த்தோம், வெள்ளைப் பால் மாதிரிக் கிழிசலால் வடிந்தது. அது யானை கடக்கிற பகுதி. அம்மாவுக்கு இரவு மாத்திரை போடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. இவர் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் ஓட்டோவோடு வந்து அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக இரவு பதினொரு மணி ஆனது. தம்பியும் இவரும் விடியும்வரை வாகனத்துக்குள் இருந்தார்கள். அந்த அளவு ரயர் முல்லைத்தீவிலும் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை. வவுனியாவிலிருந்து வர அடுத்தநாள் பின்னேரம் ஆனது.

எஞ்சினைப் பற்றியும் கியரைப் பற்றியும் மணிக்கணக்காகக் கதைக்கிற நாங்கள் இதைக் கேட்பதே இல்லை: மேலதிகச் சில்லு இருக்கிறதா? ஜப்பானில் விற்கப்பட்ட ஹொண்டா வெசல் ஹைபிரிட்டிலும் டொயோட்டா யாரிஸ் குரொஸ்ஸிலும் தொழிற்சாலையிலிருந்து வருவது பசைப் போத்தல்தான். வாங்கியவர்கள் சிலர் தனியாக ஒரு சில்லு வாங்கி டிக்கிக்குள் கட்டி வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பயணப்பை வைக்க இடமில்லாமல் போகிறது. சில வாகனங்களில் இருக்கும் மெல்லிய தற்காலிகச் சில்லுக்கு, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். எங்கள் தெருக்களில் சட்டப்படியான வேகமே 70 என்பதால் அது எனக்குப் போதும். ரயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தரையில் படும் பூ முழுவதும் அப்படியே இருக்கும், ஆனால் பல வருடத்து றப்பராக இருக்கும். விற்கிறவர் ‘ரயர் புதுசு மாதிரி’ என்பார். அந்த ரயரோடு சித்திரை வெயிலில் ஏ-9 இல் போகக் கூடாது. சில்லின் வளையம் பெரிதாகப் பெரிதாக ரயரின் பக்கவாட்டு உயரம் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 18 அங்குல வளையம் படத்தில் வடிவாக இருக்கும். கிறவலுக்கு 16 அங்குலமும் தடித்த ரயரும்தான் பாதுகாப்பு.

அடி உயரத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். எண்ணைப் பார்ப்பதே நல்லது. டொயோட்டா ரைஸுக்கு 185 மில்லிமீற்றர். யாரிஸ் குரொஸ்ஸுக்கு 170. டொயோட்டாவின் சி-எச்ஆர் ஹைபிரிட்டும் பார்வைக்கு ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதன் அடி உயரம் 140 தான், ஒரு சாதாரணக் காரின் அளவு. இந்த எண்கள் வெறும் வாகனத்துக்குரியவை. ஐந்து பேரும் ஒரு மூடை நெல்லும் ஏறினால் பின்பக்கம் இறங்கும். ஆகவே பார்க்கப் போன இடத்தில் ஐவரும் ஏறியிருந்து, வெளியே ஒருவரை நிறுத்தி, பின்சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் எத்தனை விரல் போகிறது என்று பார்க்கச் சொன்னேன். ஒரு வாகனத்தில் இரண்டு விரல்தான் போனது. பின் ஸ்பிரிங் இளகியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

உயரம் இருக்கிறதென்று வெள்ளத்துக்குள் இறக்குவது வேறு விடயம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அது தெரியும். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த வாகனத்தின் உண்மையான எல்லை; பல வாகனங்களில் அது முன் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரைக் காற்று மாதிரி அமுக்க முடியாது. ஒரு கோப்பைத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் உள்ளே இருக்கும் இரும்புக் கோல் வளைந்துவிடும். மதகில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்ராட் பண்ணாமல் தள்ளி ஏற்றுங்கள் என்பதை வீட்டில் வாகனம் ஓடுகிற அனைவருக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: ஹைபிரிட்டா, வெறும் பெற்றோலா? 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிற ஒரு வாகனத்துக்கு, யாழ்ப்பாணக் கிளினிக்குக்கு ஒரு தடவை போய்வந்தால் அந்த வாரம் முடிந்துவிடும். அந்த நினைவு இருக்கிறவர்கள் ஹைபிரிட்டைத் தேடுவது முற்றிலும் நியாயமானது. நானும் முதலில் அதைத்தான் தேடினேன். என் மனதை மாற்றியது கிளிநொச்சியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணை காட்டிய ஒரு பொருள். அவர் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஹைபிரிட்டின் பின் ஆசனத்துக்குக் கீழே இருந்த சிறிய தட்டியைக் கழற்றி, உள்ளிருந்து உள்ளங்கை அளவு வலையை எடுத்து என்னிடம் தந்தார். அது வலை என்றே தெரியவில்லை. செம்புழுதியும் தலைமுடியும் சேர்ந்து, கம்பளித் துண்டு மாதிரித் தடித்துப்போயிருந்தது.

“ரீச்சர், இதாலதான் பெரிய பற்றறிக்குக் காத்துப் போகவேணும். இது அடைச்சா பற்றறி வேகும். கொழும்பில ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத் துப்பரவாக்கினாக் காணும். எங்கட தெருவுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்காச் செய்யவேணும். ஆர் செய்யினம்?” என்று கேட்டார்.

ஹைபிரிட் கெட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே அரிசி மில் வைத்திருக்கும் ஒருவரின் யாரிஸ் குரொஸ்ஸை அவர்தான் பராமரிக்கிறார். எந்தக் குறையும் இல்லை, ஏனெனில் அதன் உரிமையாளர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த வலையைக் கழற்றிக் கழுவக் கொண்டுவருகிறார். பழைய ஹைபிரிட்டை வாங்குகிறவர், முன்னைய உரிமையாளர் அதைச் செய்தாரா என்பதையும் சேர்த்தே வாங்குகிறார். அதை அறிவதற்கு ஒரு வழிதான் உண்டு: வாங்கும் முன் பற்றறியின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் ஸ்கானரில் பார்க்க வேண்டும், வாகனம் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும்.

வெசல் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருப்பதால் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 2013 மார்கழியில் ஜப்பானில் வெளிவந்த முதற் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் பெட்டி. அதன் கிளச்சுகள் ஒயிலுக்குள் நனையாமல் உலர்ந்தபடி இயங்குபவை. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக 2014 இல் ஹொண்டா ஒரு தடவைக்கு மேல் அந்த வாகனங்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்தது. உலர்ந்த கிளச்சுக்குப் பகை நெரிசல்: அரை அடி நகர்ந்து நிற்பது, மீண்டும் அரை அடி நகர்வது. ஏ-9 இல் அந்தப் பிரச்சினை குறைவு என்பதால் இங்கே வெசல் நன்றாக ஓடும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இங்கே விலைக்கு வருகிற வெசல் ஏற்கெனவே ஏழெட்டு வருடம் கொழும்பு நெரிசலில் வாழ்ந்துவிட்டுத்தான் வருகிறது. உள்ளே இருக்கும் இடத்துக்கு அந்த அளவில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டதற்கான பதிவும், கிளச் மாற்றிய பற்றுச்சீட்டும் இருந்தால் நான் அதை வாங்கியிருப்பேன். எங்களுக்குக் காட்டப்பட்ட மூன்றிலும் இரண்டும் இருக்கவில்லை.

ரைஸ் எங்கள் வரவுசெலவுக்கு மிகவும் கிட்ட வந்தது. 996 சிசி எஞ்சின் என்பதால் எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடும் எங்கள் நாட்டு வரியில் அது தப்பிக்கொள்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இருப்பதால் அந்தச் சின்ன எஞ்சின் ஐந்து பேரை இழுக்கத் தடுமாறுவதும் இல்லை. அதைச் செய்வது டைஹட்சு. அந்த நிறுவனம் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு செய்திருந்தது 2023 இல் வெளியானது. மே மாதத்தில் ரைஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் பரிசோதனை பற்றித் தெரியவந்தது, மார்கழியில் 64 வகை வாகனங்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்ததாக விசாரணை அறிக்கை சொன்னதும் எல்லா விநியோகமும் நிறுத்தப்பட்டது. பிறகு ஜப்பானிய அரசு தானே பரிசோதித்துப் பார்த்து, 2024 இல் படிப்படியாக அனுமதித்தது. அந்த மறுபரிசோதனையை நான் நம்புகிறேன். எங்களுக்கு ரைஸ் சரிவராமல் போனதற்குக் காரணம் அகலம். 1695 மில்லிமீற்றருக்குள், பின்னால் ஒரு பிள்ளை ஆசனமும் ஒரு உயர்த்தும் ஆசனமும் வைத்தால், நடுவில் இருக்கிற அம்மாவுக்கு இரண்டு மணித்தியாலம் தோளைக் குறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாகனம் பார்த்ததுதான் நாங்கள் செய்த மிகச் சரியான வேலை. ஒரு சி-எச்ஆரின் பின்கதவுக்கு முன்னால் அவர் கைபிடியைத் தேடிக்கொண்டு நின்றார். அது கண்ணாடிக்குப் பக்கத்தில், மேல் மூலையில் இருக்கிறது, மகனுக்கு எட்டாது. ஏறியிருந்து சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிள்ளை, கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு, தெரு தெரியேல்லை” என்றார். இருதய நோயாளிக்கு வெளியே பார்க்க முடிவது ஒரு ஆறுதல். முழங்கால் நோகிறவருக்கு ஆசனம் தொடையின் உயரத்தில் இருக்க வேண்டும்: காரில் கீழே விழுந்து எழ வேண்டும், பெரிய ஜீப்பில் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சிறிய ஜீப்பின் உயரம்தான் அம்மாவுக்குப் பொருத்தம். இந்த ஒரு காரணத்துக்காகவே வயது போனவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த வகையை நான் பரிந்துரைப்பேன்.

பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் இன்னும் வழக்கம். மோதல் நடக்கும் கணத்தில் எந்தத் தாயின் கையாலும் ஒரு பிள்ளையைப் பிடித்துவைத்திருக்க முடியாது. பிள்ளையின் நிறை அந்த நேரத்தில் பல மடங்காகிறது. பின் ஆசனத்தின் இருக்கையும் சாய்மானமும் சேருமிடத்தில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட வேண்டும். அவைதான் ஐசோஃபிக்ஸ். பிள்ளை ஆசனத்தை அதில் கொளுவினால் அசையாது. ஒவ்வொரு வாகனத்திலும் நான் முதலில் விரல் விட்டுப் பார்த்தது அந்த இடத்தில்தான்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி வந்தன. ஆகவே எந்த வகை என்பதைவிட, எந்த ஒரு வாகனம் என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. ஜப்பானில் ஏலம்போகும்போது வாகனத்தின் தரத்தைக் குறிக்கும் ஏலத்தாளில் 4 என்றோ 4.5 என்றோ இருந்தால் நல்லது, ஆர் என்றிருந்தால் மோதித் திருத்தியது. ஆனால் விற்கிறவர் தரும் பிரதியை நம்பாமல் சட்டக இலக்கத்தைக் கொடுத்து மூலத்தாளை நாங்களே எடுக்க வேண்டும். அந்தத் தாளும் அது கப்பல் ஏறும் வரைக்குமான கதையைத்தான் சொல்லும்.

வவுனியாவுக்கு அப்பால் ஒரு விற்பனை நிலையத்தில் எங்களுக்கு ஒரு வாகனம் மிகவும் பிடித்துவிட்டது. வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஓடிய தூரம் 48,000 என்று காட்டியது. முற்பணம் கொடுக்கும் கட்டத்தில், மெக்கானிக் அண்ணை சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்து, பின் ஆசனப்பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்தேன். முதல் இரண்டு முழமும் சுத்தமாக இருந்தது. கடைசி ஒரு சாணில், யாரும் இழுக்காத பகுதியில், நேரான கோடு மாதிரி ஒரு சேற்று வரி. ஆசனத்துக்குக் கீழே இருந்த ஆணிகளின் தலையில் துரு. வெள்ளத்தில் இருக்கையளவு தாழ்ந்த வாகனம் அது. கேட்டபோது, கழுவும்போது நனைந்திருக்கும் என்றார்கள். தண்ணீர் புகுந்த வாகனத்தின் மின்வயர் இணைப்புகள் உள்ளே பச்சை பூத்துக்கொண்டே போகும். இரண்டு வருடம் கழித்து, ஒரு காரணமும் இல்லாமல், தெருவில் நிற்கும். நாங்கள் திரும்பி வந்தோம். வாங்கியவர் யாரோ ஒரு குடும்பஸ்தராகத்தான் இருப்பார் என்று நினைக்கும்போது இன்னும் மனம் கனக்கிறது.

பழைய ஜப்பான் வாகனம் வாங்குகிறவர்கள் தகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பை பற்றியும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அதை ஊதச் செய்யும் அமோனியம் நைத்திரேற்று, ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத வகைகளில், வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்காகப் பட்டுச் சிதைந்துபோகிறது. பிறகு காற்றுப்பை விரியும்போது அதன் இரும்புக் கூடு வெடித்துச் சிதறி, காப்பாற்ற வேண்டியவரின் கழுத்தையே வெட்டுகிறது. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான வாகனங்கள் இதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. தகாட்டா 2017 இல் வங்குரோத்தானது. வெப்பமும் ஈரப்பதமும் என்பது எங்கள் வானிலைதான். சட்டக இலக்கத்தை உற்பத்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டால் மாற்ற வேண்டியது நிலுவையில் இருக்கிறதா என்று காட்டும்.

இவருக்கு நான்கு சில்லும் இழுக்கிற வாகனம்தான் வேண்டும் என்றிருந்தது, வயலுக்காக. கணக்குப் பார்த்தோம்: வருடத்தில் அந்த வாய்க்கால் கட்டு சேறாக இருப்பது மிஞ்சினால் ஆறு கிழமை, அந்த ஆறு கிழமையும் அவர் எப்படியும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். சுசுக்கியின் பழைய கிராண்ட் விற்றாரா ஜீப் அந்தச் சேற்றைக் கடக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மிச்சம் நாற்பத்தாறு கிழமையும் அதற்கு ஊற்ற வேண்டிய பெற்றோலை எங்கள் சம்பளம் தாங்காது. இரண்டு சில்லு இழுவை போதும், ரயரை நல்லதாகப் போடுவோம் என்று ஒத்துக்கொண்டோம்.

கடைசியில் வாங்கியது 2016 ஆம் ஆண்டு சுசுக்கி விற்றாரா. 1586 சிசி எஞ்சின். டேர்போ இல்லை, ஹைபிரிட் இல்லை, எஞ்சினுக்குள் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி. ஆறு கியர் கொண்ட பழைய முறை ஒட்டோ பெட்டி. அதன் ஒயிலை மாற்றத் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலேயே இருக்கிறார்கள். அடி உயரம் 185. ஹங்கேரியில் செய்யப்பட்டது; 2015 இல் ஐரோப்பிய மோதல் பரிசோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற வகை. டிக்கித் தரைக்குக் கீழே ஒரு சில்லு இருக்கிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் கடினமானது, கிறவலில் பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்கிறது, எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் லீற்றருக்குப் பன்னிரண்டு கிடைக்கிறது, ஊருக்குள் ஒன்பதரை. ஹைபிரிட் வாங்கியிருந்தால் ஏறத்தாழ இருமடங்கு ஓடியிருப்போம் என்பதை ஒவ்வொரு தடவை பெற்றோல் அடிக்கும்போதும் உணர்கிறேன், அந்தச் செலவைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம்.

ஒரு மாரி கடந்துவிட்டது. முன்சில்லுப் பக்கத்து லிங் எனும் இணைப்புக் கோல்கள் இரண்டும் தேய்ந்து, காலையில் கிளிநொச்சியில் கொடுத்து மத்தியானம் எடுத்தோம்; பாகம் அங்கேயே இருந்தது. அம்மா இப்போது பின்கதவைத் தானே திறந்து ஏறுகிறார், ஆனையிறவு வந்ததும் உப்பளப் பக்கம் பார்க்கிறார். ரயர் நான்கில் இரண்டின் இலக்கம் 2018. ஐப்பசி மழை தொடங்கும் முன் அவற்றை மாற்ற வேண்டும். மாதம் நாலாயிரமாக ஒரு கடித உறைக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.